பட்டாவோடு பாட்டியின் குரலும் இருக்கட்டும்

குடியிருந்த வீட்டைவிட்டு ஓரடியும் நகராமல், முகவரி மட்டும் மாறிக்கொண்டே வந்த மக்கள் சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் ஏராளம். சத்தியவேட்டில் பிறந்து அங்கேயே முதுமை எய்திய ஒருவரை எடுத்துக்கொள்வோம். பிறக்கும்போது அவர் சென்னை மாகாணத்தில் செங்கற்பட்டு மாவட்டத்துக்காரர். 1960 ஏப்ரல் 1-ந் தேதி விடிந்தபோது ஆந்திரப் பிரதேசத்தவர், சித்தூர் மாவட்டத்துக்காரர். 2022 ஏப்ரல் 4-ந் தேதி முதல் திருப்பதி மாவட்டத்துக்காரர். இத்தனைக்கும் அவர் வீட்டுத் திண்ணை அன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது.

திருத்தணிக்காரரின் கதை இதற்கு நேர்மாறானது. 1953 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர மாநிலம் உதயமானபோது சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் போயிற்று. திருத்தணியும் உடன் போயிற்று. படாஸ்கர் தீர்ப்பின் அடிப்படையில் 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த ஆண்டு ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. ஆறரை ஆண்டுகள் ஆந்திராவில் இருந்த திருத்தணி இப்பக்கம் வந்தது. சத்தியவேடு அப்பக்கம் சென்றது. சித்தூர், நகரி, குப்பம், திருப்பதி ஆகியவை போன இடத்திலேயே நின்றுவிட்டன.

இவையெல்லாம் அச்சில் இருக்கின்றன. சட்டப் புத்தகத்தில் தாலுகா தாலுகாவாகக் கிராமங்களின் ஜாபிதா இருக்கிறது. வடக்கெல்லைக்காகப் போராடிய ம. பொ. சிவஞானம் தம் வரலாற்றை "எனது போராட்டம்" என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். மங்கலங்கிழாரின் தொண்டைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். தலைவர்கள் தரப்பு பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த 1953-ல் சித்தூர் கலெக்டர் ஆபீஸில் தமிழும் ஆங்கிலமும் மட்டும் அறிந்த ஒரு குமாஸ்தா என்ன நினைத்தார்? தெலுங்கு எழுத்தை முப்பது வயதில் எந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து கற்றார்? நகரித் தறிகாரர் நூலுக்கும் சந்தைக்கும் அதற்குப்பின் எந்தத் திசை நோக்கினார்? பெண்ணை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்த வீட்டில் அன்று என்ன பேசிக்கொண்டார்கள்? இவற்றை எழுதி வைத்தவர் எவருமில்லை. தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் நெடுநாள் இருக்கமாட்டார்கள். 1953-ல் பத்து வயதுப் பையனாயிருந்தவர் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார். ஒவ்வொரு மாரிக்காலமும் அவர்களில் சிலரைக் கொண்டுபோகிறது.

எனவே, இவ்வட்டாரத் தமிழ்ப் பெரியவர்களின் நினைவுகளை அவர்கள் குரலிலேயே பதிவு செய்து வைக்கும் வேலையை இனியும் தள்ளிப்போடலாகாது. இதற்கு எந்தச் சர்க்காரின் உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஏடும் குரலும்

வேங்கடத்தின் அடிவாரத்தில் ஏட்டுக்கும் கல்வெட்டுக்கும் பஞ்சமில்லை. தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் குறிப்பிடுவது இம்மலையைத்தான். திருமலைக் கோயிலில் சாமவை என்னும் பல்லவ அரசி வெள்ளித் திருமேனியும் நிலமும் நகையும் அளித்ததைச் சொல்லும் கி.பி. 966-ம் ஆண்டுக் கல்வெட்டு தமிழில் இருக்கிறது. தேவஸ்தானம் 1930-களில் தொகுதி தொகுதியாக வெளியிட்ட கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழே. ஓலைச்சுவடிகளுக்கும் திருப்பதியில் ஆராய்ச்சி நிலையம் உண்டு. யார் எத்தனை விளக்கு வைத்தார், எந்த ஏரியின் நீர்ப்பாசனத்தை விட்டுக்கொடுத்தார் என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. விளக்குக்கு எண்ணெய் சுமந்து மலையேறியவர் பெயர் கல்லில் இல்லை. 1944-ல் முதல் மலைப்பாதை திறந்து வண்டி போகும் வரையில் யாத்திரிகர்கள் நடந்தார்கள், இயலாதவர்கள் டோலியில் போனார்கள். அந்த டோலியைத் தூக்கியவர்கள் யார், கூலி எவ்வளவு, வழியில் எங்கே இறக்கி வைத்து இளைப்பாறினார்கள் என்று சொல்லக்கூடிய கடைசித் தலைமுறை தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கிறது.

எழுத்தில் இருந்தால் போதுமே, குரல் எதற்கு என்று கேட்பவர்களுக்குத் திருமலையே பதில் வைத்திருக்கிறது. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408-1503) பாடிய பல்லாயிரம் சங்கீர்த்தனங்களைச் செப்பேடுகளில் வெட்டிக் கோயிலுக்குள் ஓர் அறையில் வைத்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் அந்த ஏடுகள் அங்கேயே கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் வெளியே வந்தன. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஏடுகள். சாகித்தியம் எழுத்துப் பிசகாமல் இருந்தது. இன்ன ராகம் என்ற குறிப்பும் இருந்தது. மெட்டு மட்டும் இல்லை! அன்னமாச்சாரியார் எப்படிப் பாடினார் என்று சொல்ல எவரும் மிஞ்சவில்லை. ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற வித்துவான்கள் புதிதாக மெட்டமைத்துக் கொடுத்ததையே இன்று உலகம் பாடுகிறது. செம்பு ஐந்நூறு வருஷம் தாங்கியது; குரலைத் தாங்க அன்று எதுவும் கிடையாது. இன்று ஒவ்வொரு கூலித் தொழிலாளியின் சட்டைப்பையிலும் குரலைத் தாங்கும் கருவி இருக்கிறது. அதைக்கொண்டு சினிமாப் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது சிறிது அநியாயம்தான்.

எழுத்தைவிடக் குரலுக்கு இங்கே இன்னொரு காரணமும் உண்டு. சொல்லச் சங்கடமானது, ஆனால் சொல்லியே தீரவேண்டும். சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழ் வீடுகளில் வளரும் குழந்தைகளில் எத்தனை பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்? தமிழ்வழிப் பள்ளிகள் சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. ஆயினும் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ படிக்கவைத்தால்தான் வேலை கிடைக்கும் என்று பெற்றோர் கருதுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. விளைவு என்னவென்றால், தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறான். அதே தாத்தா பேசினால் முழுவதும் புரிகிறது, சிரிக்கிறான், மேலும் கேட்கிறான். இந்த நிலையில், எழுதி வைக்கும் சரித்திரம் அந்த வீட்டுக்குள் பூட்டிய பெட்டி. பேசி வைக்கும் சரித்திரத்துக்குச் சாவி தேவையில்லை.

பிறர் செய்தது

இது ஏதோ புதிய பைத்தியம் என்று யாரும் எண்ணவேண்டாம். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1948-லேயே இதற்கென ஒரு பிரிவைத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூர் அரசு 1979-ல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவை ஏற்படுத்தி, பெரிய மனிதர்களோடு சாதாரணக் குடிமக்களையும் பேசவைத்துப் பதிவு செய்து வருகிறது. அவற்றில் தமிழில் பேசியவர்களும் உண்டு. 1947 பிரிவினையில் வீடிழந்தவர்களின் நினைவுகளைச் சேகரிக்க 2010-ல் தொடங்கிய ஒரு முயற்சி, பல்லாயிரம் பேர்களின் வாக்குமூலங்களைச் சேர்த்துவிட்டது. பஞ்சாபிலும் வங்காளத்திலும் ஓடிய இரத்தம் இங்கே ஓடவில்லை என்பது பெரும் பாக்கியம். அதனாலேயே இந்தப் பிரிவினையை எவரும் விசாரிக்கவில்லை போலும்.

தமிழ்நாட்டில் நா. வானமாமலை நாட்டுப் பாடல்களைச் சேகரித்துத் தொகுத்தார். கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுப் பேச்சுக்கே அகராதி செய்தார். கி. ரா.வின் "கோபல்ல கிராமம்" 1976-ல் வந்த நாவல். தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்து கரிசலில் குடியேறிய மக்களின் பயணத்தை வீட்டு மூதாட்டி ஒருத்தி வாய்வழியாகச் சொல்லி வைத்திருப்பதாக அதில் வருகிறது. தமிழ் நாட்டுக்குள் வாழும் தெலுங்கு வீடுகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கதையை அப்படிக் காப்பாற்றி வைத்திருந்தன. தெலுங்கு நாட்டுக்குள் வாழும் தமிழ் வீடுகள் அதே காரியத்தைச் செய்திருக்கின்றனவா என்று கேட்டால், தலைகுனிய வேண்டியிருக்கிறது.

எதைக் கேட்பது?

பெரியவர் முன்னால் கருவியை வைத்து "உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லுங்கள்" என்றால் அவர் "என்னத்தப்பா சொல்றது, எல்லாம் அப்படியே போச்சு" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். அவர் மீது தவறில்லை. கேட்கத் தெரியவேண்டும். அவர் குடியிருந்த தெருவில் வடக்கிலிருந்து வீடு வீடாக யார் யார் இருந்தார்கள் என்று கேட்கலாம். முதல் சம்பளம் எவ்வளவு, அதில் முதலில் வாங்கிய பொருள் என்ன என்று கேட்கலாம். பழைய கல்யாணப் பத்திரிகையோ குடும்பப் படமோ கையில் கொடுத்தால் பேச்சு தானே வரும். நெசவுக் குடும்பமானால் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்த காலத்தையும், கைத்தறி போய் விசைத்தறி வந்தபோது வீட்டில் யாருக்கு வேலை போயிற்று என்பதையும் கேட்கவேண்டும். கிராமத்தார் என்றால் திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவைக் கேட்டால் போதும். பதினெட்டு நாள் கதை, இரவெல்லாம் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளம், தீமிதி. எந்த ஊர் ஜமா வந்தது, எந்தக் காட்சி தமிழில், எந்தக் காட்சி தெலுங்கில் என்று அவர்கள் சொல்லுவது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. திருப்பதி கங்கம்மா ஜாத்திரையில் வேஷம் தரிக்கும் முறை பற்றி வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் வந்து தங்கி, கேட்டு, புத்தகம் எழுதியிருக்கிறார்கள். உள்ளூர்க்காரர் கேட்கக் கூடாதென்று யாரும் தடுக்கவில்லை.

வருஷம் கேட்டால் முதியவர்கள் தடுமாறுவார்கள். 1953-ஐயும் 1960-ஐயும் ஒன்றாகக் குழப்புவது சகஜம். "காந்தி செத்ததற்கு முன்னாலா பின்னாலா?", "நயா பைசா வந்தாச்சா அப்போ?", "சீனாக்காரன் சண்டைக்கு முந்தியா?", "எம்.ஜி.ஆரைச் சுட்டபோது நீங்கள் எங்கே?" என்று கேட்டால் 1948-ம், 1957-ம், 1962-ம், 1967-ம் தாமாக வந்து நிற்கும். ஞாபகம் பிசகும், ஆகவே இதெல்லாம் சரித்திரமாகாது என்று வாதிப்பவர்கள் உண்டு. பிசகும் என்பது மெய்யே. ஆனால் சர்க்கார் கணக்கிலும் பிசகு உண்டு. ரேஷன் கார்டில் பிறந்த தேதி பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஒரு விஷயத்தை இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியே கேட்டால் பிசகு எது என்பது புலப்படும்.

பெண்களைத் தனியாகக் கேட்பது அவசியம். கணவரோ மூத்த மகனோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், "அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்கள். அந்த அடுப்படியிலேதான் பாதிச் சரித்திரம் இருக்கிறது. புகுந்த வீட்டில் மாமியார் தெலுங்கு பேச, வந்த பெண் தமிழ் பேச, எந்த மொழியில் முதல் சண்டை நடந்தது என்பதை வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

இன்னொன்று. இவர்கள் பேசும் தமிழைத் திருத்தக் கூடாது. "வந்துகினு இருந்தேன்" என்பார்கள். நடுவில் "அவுனு" வரும், "பர்வாலேது" வரும். பேட்டி எடுக்கும் பட்டதாரிப் பிள்ளை அதைக் கேட்டு முகம் சுளித்தால் பெரியவர் உடனே மேடைத் தமிழுக்கு மாறி, உயிரற்ற நாலு வாக்கியம் பேசிவிட்டு எழுந்துவிடுவார். எழுபது வருஷம் இரு மொழிக்கு நடுவில் குடித்தனம் செய்த நாக்கு அது. அந்தக் கலப்பே இவர்கள் எங்கே, யாரோடு வாழ்ந்தார்கள் என்பதற்குச் சாட்சி. கலப்பற்ற தமிழ் வேண்டுமானால் இலக்கண நூல் இருக்கிறது.

எல்லைத் தகராறு பற்றிப் பேசினால் பழைய பகை கிளம்பாதா என்ற அச்சம் சிலருக்கு இருக்கிறது. அச்சத்தில் நியாயமில்லாமல் இல்லை. "மதராஸ் மனதே" என்று ஒரு பக்கம் கோஷம் எழுந்ததும், மறு பக்கம் மறியல் நடந்ததும் உண்மை. இதற்குப் பரிகாரம் பேசாமலிருப்பதல்ல. அடுத்த வீட்டுத் தெலுங்குக்காரரையும் சேர்த்துப் பதிவு செய்வதே. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்த செய்தி வந்த இரவு அவர் வீட்டில் எப்படியிருந்தது என்று அவர் சொல்லட்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் பேரப்பிள்ளைகள் தாத்தாக்களைவிடப் புத்திசாலிகளாக இருப்பார்கள் என்று நம்பலாம்.

குமாஸ்தாவின் கைவேலை

பதிவு செய்வது சுலபம். வைத்துக் காப்பாற்றுவதுதான் கடினம். இங்கேதான் இப்பத்திரிகையைப் படிக்கும் குமாஸ்தாக்களுக்கு வேலை இருக்கிறது. ரிஜிஸ்தர் போடுவதும், நம்பர் இடுவதும், கட்டுக் கட்டி எங்கே வைத்தோம் என்று குறித்துக்கொள்வதும் அவர்களுக்குக் கைவந்த கலை. ஆயுள் பூராவும் பிறர் காகிதங்களுக்குச் செய்ததைச் சொந்த ஜனங்களின் பேச்சுக்கு ஒரு தடவை செய்தால் போதும். நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண், பேசியவர் பெயர், வயது, ஊர், பதிவு செய்த தேதி, பேசிய விஷயம் ஆகிய கலங்கள் போதும். பேச்சு தொடங்குமுன் கேட்பவரே தேதியையும் இடத்தையும் சொல்லி, பெரியவரைத் தம் பெயரையும் தகப்பனார் பெயரையும் சொல்லச் செய்யவேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். நேரில் கேட்காத அதன் இரைச்சல் பதிவில் பேரிரைச்சலாகக் கேட்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வயதானவரை வதைக்கலாகாது. மறுநாளும் போகலாம்.

போனில் இருக்கிறதே என்று விட்டுவிடுவது பெருந்தவறு. போன் தொலையும், உடையும், பிள்ளை புதிது வாங்கும்போது பழையதை விற்றுவிடுவான். வாட்ஸ்அப்பில் உறவினர் எல்லாருக்கும் அனுப்பியாயிற்று என்பதும் பத்திரமாகாது; பண்டிகை வாழ்த்துப் படங்களோடு அதுவும் அழிக்கப்பட்டுப்போகும். மூன்று பிரதிகள் வேண்டும். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று தனி டிஸ்கில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வசம்.

பல வீடுகளில் பரண்மேல் பழைய கேசட்டுகளும் கிடக்கின்றன. கடிதம் எழுதத் தெரியாத தாய்மார்கள் குவைத்திலும் துபாயிலும் இருந்த மகனுக்குக் கேசட்டில் பேசி அனுப்பிய காலம் ஒன்றிருந்தது. மகனும் பேசி அனுப்புவான். அந்த நாடாக்களில் மழை, பால் விலை, தங்கையின் வரன், பக்கத்து வீட்டுச் சாவு எல்லாம் இருக்கின்றன. பூஞ்சை பிடித்த நாடாவைக் கிடைத்த டேப்ரிக்கார்டரில் போட்டு அறுத்துவிடாமல், தெரிந்தவரிடம் கொடுத்துப் பிரதி எடுத்துவிடுவது நல்லது. நாடாவுக்கும் ஆயுள் உண்டு.

பேசியவரின் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது. மறைத்து வைத்துப் பதிவு செய்வது திருட்டு. பதிவைப் போட்டுக் காட்டி, "இது இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா?" என்று கேட்க வேண்டும். பாகப்பிரிவினை, ஜாதிச் சண்டை, யாரோ ஒருவர் மானம் ஆகியவை பேச்சில் வரத்தான் செய்யும். அவற்றைப் பூட்டி வைத்து, சம்பந்தப்பட்டவர்கள் காலத்துக்குப்பின் திறக்கலாம் என்று நோட்டில் குறித்துவிடலாம்.

வீட்டளவில் சேர்ந்தவற்றைப் பொது இடத்தில் வைக்க ஒரு ஸ்தாபனம் தேவைப்படும். அதற்கு மிகவும் பொருத்தமானது குப்பத்தில் 1997-ல் ஏற்பட்ட திராவிடப் பல்கலைக்கழகம். தமிழகமும் கர்நாடகமும் கேரளமும் ஒத்துழைத்து உருவானது அது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேரம் பேசப்படும் ஊரில் இருக்கிறது. தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால், நூறு பெரியவர்களின் பேச்சை ஒழுங்குபடுத்தி அங்கே ஒப்படைக்க முடியும். மேடைக்கு நட்சத்திரப் பேச்சாளர் ஒருவர் குறைந்தால் குடிமுழுகிப் போகாது.

சமீபத்தில் இங்கு வந்த தொழிலாளர்கள், இந்தப் பழங்கதையில் தங்களுக்கு இடமில்லை என்று நினைக்கலாம். அது சரியல்ல. சத்தியவேட்டுப் பக்கம் 2008-ல் ஸ்ரீசிட்டி தொழில்நகரம் வந்ததிலிருந்து வயலும் ஏரிக்கரையுமாக இருந்த கிராமங்கள் தொழிற்சாலை மதில்களாக மாறின. 1960-ல் மாநிலம் மாறிய அதே கிராமங்களில் இப்போது தொழிலே மாறிவிட்டது. அங்கே ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் தமிழ்ப் பையனும், திருப்பதி ஓட்டல் ஒன்றில் இருபது வருஷமாகத் தோசைக்கல்லின் முன் நிற்கும் மாஸ்டரும் எப்படி வந்தார்கள், முதல் இரவு எங்கே படுத்தார்கள் என்பதைச் சொல்லி வைத்தால், ஐம்பது வருஷத்துக்குப் பின் அதைத் தேடி ஒருவர் வருவார்.

தொடங்குவதற்கு நாள் பார்க்கவேண்டியதில்லை. பார்த்தே ஆகவேண்டுமென்றால் ஆடிக் கிருத்திகை இருக்கிறது. சித்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் குடும்பம் குடும்பமாகக் காவடியெடுத்துத் திருத்தணிக்குப் போகிறார்கள். இரு மாநிலத்து உறவினரும் அன்று ஒன்றுகூடுகிறார்கள். இளவட்டங்கள் படியேறும்போது, முட்டிவலிக்காரப் பெரியவர்கள் அடிவாரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்து பழைய கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் ஒருவர், விசையை அழுத்திவிட்டு, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும்.